தேம்பாவணியும் கரிசல் நிலமும்

இத்தாலியில் 1680இல் பிறந்த வீரமாமுனிவர், 1710இல் கோவா வந்து, பின் மதுரை மறைப்பணித் தளத்தைச் சேர்ந்தார். தொடக்க ஆண்டுகளில் அவர் பணியாற்றிய ஊர்களுள் ஒன்று, கோவில்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டி. வானம் பார்த்துக் கம்பும் சோளமும் பருத்தியும் விளைக்கும் கரிசல் நிலம் அது. அந்நிலம் அவர்தம் காப்பியத்துள் இடம்பெற்றதா என்பது ஆராய்தற்குரியது.

3,615 பாடல்களும் 36 படலங்களும் கொண்ட தேம்பாவணி நாட்டுப்படலத்தொடு தொடங்குகின்றது. ஆண்டு யூதேயா மருத வளம் கொழிக்கும் நாடாகக் காட்சியளிக்கின்றது. வறண்ட குன்றுகள் மலிந்த யூதேயாவும் அன்று அது; முனிவர் கண்ட கரிசலும் அன்று. சிந்தாமணியும் கம்பராமாயணமும் வகுத்த நெறியே ஈண்டு ஆட்சி செய்கின்றது. இதனைக் குறையெனல் பொருந்தாது. புலவர் அவையில் சூசையப்பரைக் காப்பியத் தலைவராக நிறுத்த அந்நெறி வேண்டியதாயிற்று. ஆயினும், முனிவர் தொண்டு செய்த எளியோரின் நிலம் காப்பியத்துட் புகாது நின்றது.

அவ்வெளியோரைக் காண விழைவோர் அவருடைய பிற நூல்களை நோக்குதல் வேண்டும். குருமார் சிலரே, ஊர்களோ பல. ஆதலின் மறை கற்பிக்கும் பொறுப்பு உபதேசியாரைச் சார்ந்தது. அவர்க்கு நெறி காட்ட எழுந்ததே வேதியரொழுக்கம். வரும் குருமார் மக்கள் பேச்சைக் கற்றற்பொருட்டு, இலத்தீன் மொழியில் கொடுந்தமிழ் இலக்கணம் செய்தார். அதனை 1738இல் தரங்கம்பாடியில் அச்சிட்டோர், அவர் மறுத்து நூல் எழுதிய லுத்தர் சபையாரே என்பது நினைவுகூரத்தக்கது.

செந்தமிழ்க் காப்பியம் ஒன்றையே கொண்டு முனிவரை மதிப்பிடுதல் அவரை அரைகுறையாக அறிதலாகும். உபதேசியார்க்கென எழுந்த உரைநடையும், மக்கள் பேச்சுக்கு அமைந்த இலக்கணமும் இலக்கிய வரலாற்றில் தேம்பாவணியொடு ஒருங்கு வைத்து ஆராயப்பெறுதல் வேண்டும்.