கொக்கு சொல்லும் கணக்கு

பழவேற்காட்டில் மார்கழிப் பனி இறங்கிவிட்டால் ஏரி எது, வானம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. படகில் நானும் அக்கா பையனும். தூரத்தில் வெள்ளையாக ஒரு கொக்குக் கூட்டம். "அங்க மீன் இருக்கு, இல்ல?" என்று படகுக்காரரிடம் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன்.

"கொக்கு நின்னா மீன் இருக்குன்னு அர்த்தம் இல்ல சார். மீன் இருக்கும்னு கொக்கு நெனச்சிருக்குன்னு அர்த்தம்."

சுருக்கென்றது. காரணம், முந்தின ராத்திரிதான் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' கம்ப்யூட்டர் விளையாட்டில் அக்கா பையனிடம் உதை வாங்கியிருந்தேன்.

விளையாடாதவர்களுக்காக இரண்டு வரி. 1999-ல் வந்து, 2019-ல் புதுச் சட்டை போட்டுக்கொண்டு மறுபடி வந்த யுத்த விளையாட்டு இது. நாம் போகாத இடமெல்லாம் கறுப்பு. போய்விட்டு வந்த இடம் மங்கல். நம் ஆள் நிற்கும் இடத்தில் மட்டும் வெளிச்சம். இதற்குப் 'போர் மூட்டம்' என்று பெயர். எதிரியிடம் எத்தனை பேர், என்ன ஆயுதம் என்று ஊகித்துத்தான் அடிக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் திரையின் ஓரத்தைப் பாருங்கள். உங்கள் ஸ்கோரும் எதிரியின் ஸ்கோரும் பளிச்சென்று ஓடிக்கொண்டிருக்கும்! ராணுவம், பொருளாதாரம், தொழில்நுட்பம், சமூகம் என்று நாலு தலைப்பின் கூட்டுத்தொகை. ஊரையே இருட்டாக்கிவிட்டு, எதிரியின் ஐந்தொகையை மட்டும் சுவரில் ஒட்டி வைத்த மாதிரி. கண்ணில் பட்ட எதிரியை க்ளிக் செய்தால் அவன் உயிர் எத்தனை பாக்கி, தாக்கும் பலம் எத்தனை என்று கைநாட்டு வைத்து எழுதிக்கொடுப்பான். எந்த ஊர் யுத்தத்தில் சார் இது நடக்கும்?

நான் பி.காம். எண்ணைப் பார்த்தால் நம்பிவிடுகிற ஜாதி. பையனின் ஸ்கோர் குறைவாக இருக்கிறதே என்று குதிரைப்படையை அனுப்பினேன். அங்கே வரிசையாக ஈட்டிக்காரர்கள். "மாமா, டோட்டலை மட்டும் பாத்தீங்களா?" என்றான். கல்லூரியில் வாத்தியார் கேட்ட அதே கேள்வி!

தோற்ற கடுப்பில் சொல்வதாக நினைக்காதீர்கள். என் குறை வேறு. இந்த விளையாட்டின் மூட்டம் மறைக்கிறது, ஆனால் பொய் சொல்வதில்லை. நிஜ மூட்டம் இரண்டும் செய்யும்.

1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னையைக் குண்டு வீசிக் கலங்கடித்தது எம்டன். வந்தது ஒரே ஒரு கப்பல். எரிந்தவை எண்ணெய்த் தொட்டிகள். ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். தமிழுக்கு ஒரு புது வார்த்தையும் கிடைத்தது. அடுத்த மாதம் இதே எம்டன், தன் மூன்று புகைபோக்கிகளோடு பொய்யாக நாலாவது ஒன்றை நிறுத்தி, பிரிட்டிஷ் கப்பல் வேஷத்தில் பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்து ஒரு ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. கண்ணால் கண்டதும் பொய்.

1942 ஏப்ரலில் இன்னும் மோசம். கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பான் குண்டு போட்ட கையோடு, சென்னையைப் பிடிக்கப் படை வருகிறது என்று தகவல். அரசாங்கமே அலுவலகங்களைக் கட்டிக்கொண்டு உள்ளூர்களுக்குக் கிளம்பியது. மிருகக்காட்சிச் சாலையில் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். படை வரவே இல்லை. எதிரியைக் குறைத்து எடை போட்டால்தான் நஷ்டம் என்று யார் சொன்னது?

படகு கரை திரும்பியதும் டச்சுக் கோட்டை மேட்டுக்குப் போனோம். இப்போது வெறும் புதர். 1612-ல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர்கள் இங்கிருந்த டச்சுக் கிடங்கைச் சூறையாடினார்கள். உடனே டச்சுக்காரர்கள் கோட்டை எழுப்பினார்கள், 1613-ல் முடிந்தது. பெயர் ஜெல்டிரியா. மதில் குண்டைத் தடுக்கும், சரி. உள்ளே ஐம்பது பேரா, ஐந்நூறு பேரா என்று வெளியே நிற்பவனை முழிக்கவும் வைக்கும். செங்கல்லால் கட்டிய போர் மூட்டம்!

அதே டச்சு தேசத்தில் 1946-ல் வெளியான 'ஸ்ட்ராடிகோ' என்ற அட்டை விளையாட்டு, கம்ப்யூட்டர் இல்லாமலே இதைப் பிடித்துவிட்டது. ஆளுக்கு 40 காய். எதிரியின் காய் எல்லாம் தெரியும். எது தளபதி, எது வெடிகுண்டு என்பது மட்டும் மோதினால்தான் தெரியும். நகராத காய் குண்டாக இருக்கலாம். அல்லது, குண்டு என்று நீங்கள் நினைக்கட்டும் என்றே சும்மா நிற்கிற தளபதியாகவும் இருக்கலாம். இங்கே பலம் என்பது எண் அல்ல, நடத்தை.

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்'-க்கும் நியாயமாக ஒரு மார்க் போட வேண்டும். நாம் ஒருமுறை பார்த்த எதிரியின் கோபுரம் அப்புறம் இடிந்துபோனாலும், மறுபடி போய்ப் பார்க்கும்வரை படத்தில் நின்றுகொண்டே இருக்கும். ஆட்டத்திலேயே நிஜ யுத்தத்துக்கு மிக அருகில் வருகிற இடம், அந்தப் பழைய செய்திதான். மற்ற இடங்களிலும் அப்படிக் கொஞ்சம் பொய் சொல்லியிருக்கலாம்.

கிளம்பும்போது படகுக்காரரிடம் கேட்டேன்: "அப்ப கொக்கை நம்பக் கூடாதா?"

"நம்பலாம் சார். ஆனா அது தப்பா நெனச்சா பறந்து போயிடும். எனக்கு டீசல் போயிடும்."

ராத்திரி மறுபடி ஆடினோம். ஸ்கோரை அணைத்துவிடச் சொன்னேன். பையன் ரொம்ப யோசித்தான். அதுவே எனக்குப் பாதி ஜெயம்.