சலீம் அலியின் அளவுகோல்

சலீம் அலி இந்தியப் பறவைகள் பற்றி எழுதி, மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் 1941-ல வெளியிட்ட நூல்ல எனக்குப் பிடிச்சது அதோட அளவுகோல். சிட்டுக்குருவி, மைனா, காக்கை, பருந்து, பிணந்தின்னிக் கழுகு: தெரிஞ்ச பறவையை வச்சே தெரியாததோட அளவைச் சொல்லிடுவார். நெய்வேலி டவுன்ஷிப்புல காக்கை வரைக்கும் இந்தக் கோல் பிசகாது. கழுகுகிட்டதான் உடையுது, இங்க வளர்ற பிள்ளைக்கு 'கழுகு அளவு'ன்னா ஒண்ணும் விளங்காது. 1990-கள்ல, டைக்ளோஃபினாக் போட்ட மாடுகளோட சடலத்தைத் தின்னு கழுகுகள் கூட்டங்கூட்டமா செத்துச்சு. அந்தச் சரிவைப் பதிவு செஞ்சதும் இதே கழகம்தான். கால்நடைக்கு அந்த மருந்தை 2006-ல தடை செஞ்சாங்க. இன்னிக்குத் தமிழ்நாட்டுல கழுகைப் பார்க்கணும்னா மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம்தான் போகணும். அரிய பறவைக்கு அலையறவங்க காக்கை, மைனாவையும் எண்ணி வைக்கணும். கழுகும் ஒருகாலத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச அளவுகோல்தானே!