வாசலில் கேட்ட கேள்வி

2020 கோடையில் கொரோனாவைத் தடுக்கச் சென்னை மாநகராட்சி செய்தவற்றில் அடுத்த தொற்றுக்கென எடுத்துவைக்க வேண்டியது, என் கணிப்பில், தெருமுனைக் காய்ச்சல் முகாம். மே 5ஆம் தேதி கோயம்பேடு சந்தை மூடப்படுவதற்குள் அங்கிருந்து கிருமி நகரெங்கும் போய்விட்டது. நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரே தெருவுக்கு வந்தார். முகாமுக்கு முன்பே களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல், சளி, இருமல் உண்டா என்று விசாரித்தார்கள்.

சிந்தாதிரிப்பேட்டைக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. 1734இல் நெசவாளர்களுக்காக உருவான பேட்டை இது. மூன்று பக்கமும் கூவம் வளைத்திருக்கிறது. ஐயா முதலி தெருவிலும் அதன் சந்துகளிலும் வீடும் கடையும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட்டில் இடைவெளி விட்டு நிற்கச் சொன்னால் யாரால் முடியும்? ஓமந்தூரார் அரசு மருத்துவமனை கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் நாள்கூலிக்காரர் வெறும் காய்ச்சலுக்கு அங்கே போய் நிற்கமாட்டார்; அன்றைய கூலி போய்விடும். முகாம் அந்தத் தடையை நீக்கியது.

இன்னொரு பலனும் உண்டு. காய்ச்சல் கொரோனாவுக்கு மட்டும் உரியதல்ல. டெங்கு, எலிக்காய்ச்சல், டைபாய்டு எல்லாமே முதலில் காய்ச்சலாகத்தான் தெரியும். ஒரு தெருவில் ஒரே வாரத்தில் காய்ச்சல்காரர்கள் கூடினால், பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே ஏதோ நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஆனால் இந்த முறையை நடத்தியவர்களே அதைக் கெடுத்தார்கள். ‘இருக்கு’ என்று சொன்ன வீட்டில் தொற்று உறுதியானால் வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், தெருவுக்குத் தகரம் அடித்தார்கள். பதினான்கு நாள் வேலைக்குப் போக முடியாது. அரசு தந்த உதவியோ ரேஷன் அட்டைக்கு 1,000 ரூபாய். ஒரு குடும்பம் அதை வைத்து எத்தனை நாள் ஓட்டும்? ஆகவே வாசலில் நின்று கேட்டவருக்குப் பல வீடுகளில் ‘இல்லைங்க’ என்ற பதிலே கிடைத்தது. பயத்தில் சொன்ன அந்த ‘இல்லை’யும் கணக்கேட்டில் நலமாகவே பதிவாகியிருக்கும். இத்தனை முகாம், இத்தனை பேர் என்று எண்ணிக் காட்டுவது நிர்வாகத்துக்கு எளிது. எத்தனை பேர் மறைத்தார்கள் என்பதை எண்ண வழியில்லை. இந்த முறையின் மிகப் பெரிய ஓட்டை இதுதான்.

அடுத்த குறை, ஆட்கள். அந்தக் களப்பணியாளர்களில் பெரும்பாலோர் தற்காலிகமாக எடுக்கப்பட்டவர்கள். அலை ஓய்ந்ததும் அனுப்பப்பட்டார்கள். எந்த வீட்டில் சர்க்கரை நோயாளி, எந்த மாடியில் தனியாக ஒரு மூதாட்டி என்று அவர்கள் தெரிந்துவைத்திருந்ததும் அவர்களோடு போய்விட்டது. கொசுப்புழு தேடி வீட்டுக்குள் வரும் டி.பி.சி. பணியாளர் நிலையும் ஏறக்குறைய இதுவே. தெருவை நன்றாக அறிந்தவருக்கே வேலை நிலையில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகும் நகரில் மருத்துவ முகாம்கள் போட்டார்கள். நல்லதுதான். ஆனால் கழிவுநீர் சம்ப்புக்குள் இறங்கிய பிறகு வரும் முகாமை முன்னேற்பாடு என்று சொல்ல முடியாது. முன்னேற்பாட்டுக்குச் சட்டமும் இல்லாமல் இல்லை; சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939இலேயே வந்துவிட்டது.

தெருவுக்கென்று நிரந்தரமாக ஒருவர், தனிமைப்படுத்தப்படும் கூலிக்காரருக்கு இழந்த கூலி, தகரத்துக்கு முழுத்தடை. இந்த மூன்றையும் மழைக்காலம் தொடங்குமுன் உங்கள் பகுதி சபைக் கூட்டத்தில் கவுன்சிலரிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.