பல்லடம் ஜவுளி ஆபீசில் விண்டோஸ் 11: காசு போட வேண்டிய இடம் எது?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனது. அதிலிருந்து பல்லடம் பக்கம் தறி வைத்திருப்பவர்களும் கோழிப்பண்ணைக்காரர்களும் கேட்பது ஒன்றுதான்: "கம்ப்யூட்டர் நல்லாத்தானுங்க ஓடுது, எதுக்குங்க காசு போடோணும்?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதனால் காடா துணி வியாபாரம் செய்யும் நண்பரின் ஆபீஸ் கம்ப்யூட்டர்களிலேயே விண்டோஸ் 11 போட்டுப் பார்த்தேன்.

முதல் கம்ப்யூட்டர் எட்டாம் தலைமுறை ஐ5. ஹெல்த் செக் செயலி 'தகுதியில்லை' என்றது. பயாஸுக்குள் போனால், விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் பாதுகாப்பு வசதியான இன்டெல் பிடிடி அணைந்து கிடந்தது. அதை ஆன் செய்ததும் தகுதி வந்துவிட்டது. அப்டேட்டும் இலவசமாகவே இறங்கியது. புது கம்ப்யூட்டருக்கு கொட்டேஷன் கேட்கும் முன் இதை அவசியம் பாருங்கள். 4 ஜிபி ரேம் போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னாலும், டேலியும் பிரவுசரும் சேர்ந்து திறந்தால் திணறுகிறது. 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் போட்ட பிறகுதான் வேலை ஓடியது. இந்தச் செலவை யோசிக்காமல் செய்யலாம்.

தொல்லை கொடுத்தது டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். டெலிவரி சலான் அரைப் பக்கம் அடித்துவிட்டு ஒரு பக்கம் வெறுமனே தள்ளியது. பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸில் காகித அளவைப் புதிதாகப் பதிந்த பிறகே சரியானது. லோடு ஏற்றும் நேரத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை பாருங்கள்.

ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தியவையும்தான் சிக்கல். குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றலாம். ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. கணக்கு இருக்கும் கம்ப்யூட்டருக்கு அது வேண்டாம். காசு கொடுத்து விண்டோஸ் 10 அப்டேட்டை நீட்டிக்கவும் வழி உண்டு: நிறுவனங்களுக்கு ஒரு கம்ப்யூட்டருக்கு முதல் வருடம் 61 டாலர். அடுத்தடுத்த வருடம் இரட்டிப்பாகும். மூன்று வருடத்துக்கு 427 டாலர். தாமதமாகச் சேர்ந்தாலும் விட்ட வருடத்துக்கும் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் எட்டாம் தலைமுறை செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டரே வாங்கிவிடலாம். என்னைக் கேட்டால், மாற்றவே முடியாத மெஷினுக்கு மட்டும் ஒரு வருடம் கட்டலாம்.

ஒன்றுமே செய்யாமல் விடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். பேங்க், ஜிஎஸ்டி, ஈ-வே பில் எல்லாம் நடக்கும் கம்ப்யூட்டர் ஒரு நாள் பூட்டிக்கொண்டால் லோடு வாசலைத் தாண்டாது. கூலிப் பட்டுவாடாவும் நின்றுவிடும்.

பிரவுசரில் மட்டும் வேலை என்றால் பழைய கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் மின்ட் போதும். டேலிக்கு விண்டோஸ்தான் வேண்டும். டாங்கிள் செருகி ஓடும் பழைய டிசைன் சாஃப்ட்வேர் இருக்கிற கம்ப்யூட்டரை அப்படியே விடுங்கள். நெட் வயரை மட்டும் கழற்றிவிட்டு, டிசைனை வைரஸ் ஸ்கேன் செய்த பென் டிரைவில் எடுத்துப் போங்கள்.