விசுவாசமும் ஆய்வறமும்: தனிநாயகம் அடிகளாரை ஓப்பநாயக்கவிலிருந்து நோக்குதல்

பல்கலைக்கழகத்தில் கிறித்தவ விசுவாசத்தை வாழ்தல் பற்றிய உரையாடல்கள் பெரும்பாலும் தனிமனித ஒழுக்கத்தோடு முடிந்துவிடுகின்றன. சிற்றாலய வழிபாடு, மாணவர் இயக்கக் கூட்டம், நத்தார்க் கீதம் ஆகியன விசுவாசத்தின் எல்லையாக வகுக்கப்பட, ஆய்வும் கற்பித்தலும் அதற்கு அப்பாற்பட்ட தொழிலாகக் கருதப்படுகின்றன. இப்பிரிவினை பொருத்தமானதா என்னும் வினாவைச் சேவியர் தனிநாயகம் அடிகளாரின் (1913–1980) புலமை வாழ்வைக் கொண்டு ஆராய்வதே எமது நோக்கம்.

உரோமாபுரியில் இறையியல் கற்றுக் குருவான அடிகளார், முப்பது வயதைக் கடந்த பின்னரே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழை முறையாகப் பயின்றார். அங்கு அவர் தெரிந்துகொண்ட ஆய்வுப்பொருள் கிறித்தவ இலக்கியமன்று. பண்டைத் தமிழ்க் கவிதையில் இயற்கை. அகத்திணை மரபை ஒரு குருவானவர் தயக்கமின்றி அணுகியமை மனங்கொளத்தக்கது. திருக்குறளில் கிறித்தவத்தின் சாயலைக் கண்டவர்கள் ஜி. யூ. போப் முதலாகப் பலர். அடிகளாரின் ஒப்பியல் நோக்கோ வேறு திசையிற் சென்றது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய பதவியேற்புப் பேருரையில் அவர் இந்தியச் சிந்தனையை உரோமரின் ஸ்தோயிக்கவாதத்தோடு ஒப்பிட்டார். தமிழ் அறத்தைத் திருச்சபையின் உடைமையாக்க அவர் முயலவில்லை. சான்று சொல்லாததைத் தமது விசுவாசத்துக்காகச் சொல்லவைக்க மறுப்பது ஒருவகைத் துறவு. அடிகளாரின் சமய வாழ்வு ஆய்வுமுறையாக வெளிப்பட்ட இடம் இதுவே என்பது எமது துணிபு.

1578இல் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, 1679இல் அச்சான அந்தம் தெ புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதி ஆகியவற்றைப் புலமையுலகின் கவனத்துக்குக் கொணர்ந்தபோதும், அவற்றைத் தமிழ் அச்சு வரலாற்றின் ஆவணங்களாகவே அவர் முன்வைத்தார். 1952இல் தொடங்கிய ‘தமிழ்க் கல்ச்சர்’ ஆங்கிலச் சஞ்சிகையும், 1966இல் கோலாலம்பூரில் நடைபெற்ற முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடும் இவ்விரிந்த நோக்கின் விளைவுகளே.

எனினும், ஆய்வறத்துக்கு இரண்டாவது உரைகல்லும் உண்டு. அறிவு யாருக்காகத் தேடப்படுகிறது என்பதே அது. இவ்வுரைகல்லை நாம் ஓப்பநாயக்கவிலிருந்து கையிலெடுக்கிறோம். களனிப் பள்ளத்தாக்குக் குறுகிய இருப்புப்பாதை ஒருகாலத்தில் வந்து முடிந்த ஊர் இது. தோட்டத் தொழிலாளரின் லயன்கள் நிறைந்த இரத்தினபுரி மாவட்டத்தில் உள்ளது. அடிகளார் 1952 முதல் 1961 வரை இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராக இருந்தார். அதே ஆண்டுகளில் தோட்டப் பாடசாலைகள் தேசியக் கல்வி முறைமைக்குப் புறம்பாகவே கிடந்தன. அங்கு பயின்ற பிள்ளைகளின் பெற்றோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் பெரும்பாலும் நாடற்றோராக்கப்பட்டிருந்தனர்.

1964 ஜனவரியில் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் அதே நகரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர் என மலையக மக்கள் எண்ணிக்கைகளாகப் பங்கிடப்பட்டனர். உலகெங்கும் தமிழுக்கு ஊர் தேடிய ஆண்டிலேயே ஒரு தமிழ் மக்கட் கூட்டம் ஊரற்றதாக நின்றது. இதற்கு அடிகளார் பொறுப்பல்லர். மொழியுரிமைக்காக அவர் குரல் கொடுத்ததையும், கடல் கடந்த தமிழரை நாடி அவர் பயணஞ் செய்ததையும் நாம் மறப்பதற்கில்லை. ஆயினும், தமிழரைப் பண்பாட்டால் ஒன்றிணைந்த இனமாகக் கண்ட அவரது நோக்கில், உழைப்பாலும் வர்க்கத்தாலும் பிளவுண்ட சமூகமாக அவர்களைக் காணும் பார்வை வலுப்பெறவில்லை. அவருக்குப் பெயர் தந்த ஆய்வுகளில் லயத்து வாழ்வு மையப்பொருளாகவும் அமையவில்லை.

அவ்வெற்றிடத்தை நிரப்ப முயன்றவர்களுள் இயேசுசபைத் துறவி பவுல் கஸ்பர்ஸ் முக்கியமானவர். 1972இல் கண்டியில் தொடங்கிய சத்தியோதய நிலையத்தின் வாயிலாகத் தோட்ட மக்களின் வாழ்நிலையை ஆய்வுக்கும் செயலுக்கும் உரிய பொருளாக்கினார். ஆனால் அப்பணி பல்கலைக்கழகத்துக்கு வெளியிலேதான் வேர்கொள்ள நேர்ந்தது. ஒருவர் ஆய்வுநேர்மையைப் பல்கலைக்கழகத்துக்குள் நிலைநாட்டினார்; மற்றவர் மக்கட்சார்பை அதற்கு வெளியே நிலைநாட்டினார். இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் கூடாமை நமது கல்வியுலகின் குறைபாடேயன்றி அவர்களின் குறைபாடன்று.

1996இல் இதே இரத்தினபுரி மாவட்டத்துப் பெலிகுலோயாவில் சபரகமுவ பல்கலைக்கழகம் எழுந்தது. தோட்டத்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் தூரத்தால் அண்மித்துவிட்டது. ஆய்வுப்பொருளாலும் அண்மித்ததா என்பதே இன்றைய வினா. கிறித்தவ ஆசிரியனும் மாணவனும் தம் விசுவாசத்தைச் சோதித்தறிய வேண்டிய களம் சிற்றாலயம் மட்டுமன்று. எந்தச் சான்றை மறைக்காது எழுதுகிறோம், எவருடைய வாழ்வை ஆய்வுக்குரியதென ஏற்கிறோம் என்னும் இரு வினாக்களுக்கு நம் ஏடுகள் தரும் விடையே அச்சோதனை. விசுவாசம் வேறாகவோ இல்லாமலோ உள்ள ஆய்வாளருக்கும் இவ்வினாக்கள் பொதுவானவை. முதலாவது வினாவுக்கு விடையளிக்க அடிகளார் நமக்குக் கற்பித்தார். இரண்டாவதற்குரிய விடையை நாமே எழுதவேண்டியுள்ளது.