அரசனின் புகழும் புலவனின் மௌனமும்

சாத்தாங்காட்டுக்கு அண்மையிலுள்ள திருவொற்றியூர்க் கோயிலின் கற்றளி முதலாம் இராசேந்திர சோழன் (1014–1044) காலத்தில் எழுந்ததாகும். சோழர் கல்வெட்டுகள் பலவும் கொடையைக் கூறுமுன் அரசனின் வெற்றிகளைப் போற்றும் மெய்க்கீர்த்தியுடன் தொடங்குவதை நாம் அறிவோம். இத்தகைய புகழுரைகளை நாம் சரித்திரமாக ஏற்கலாகுமா?

அவ்விராசேந்திரனின் மகள் வயிற்றுப் பேரனே முதலாம் குலோத்துங்கன். தந்தையோ வேங்கிச் சாளுக்கியன் இராசராச நரேந்திரன். 1070இல் அதிராசேந்திரன் மாண்டபின் சோழ அரியணை குலோத்துங்கனைச் சேர்ந்தது. அவன் அவைப்புலவர் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணி, கருணாகரத் தொண்டைமான் நடத்திய கலிங்கப் போரைப் பொருளாகக் கொண்டது. எனினும் போரைக் கூறுமுன், சோழர் மரபு வரிசையையும், திருமாலே குலோத்துங்கனாக அவதரித்ததையும் புலவர் விரித்துரைக்கிறார். நாடு நெறியிழந்து சீரழிந்த வேளையில் அவன் வந்து காத்தான் என்கிறார். அதிராசேந்திரனின் பெயரோ அங்கு இடம்பெறவில்லை. உரிமையைப் பற்றிய ஐயம் எழக்கூடிய இடத்திலேயே புலவர் மௌனமாகிறார்.

எதிர்த்தரப்பின் சாட்சியும் நமக்குண்டு. காசுமீரப் புலவர் பில்கணர், கல்யாணிச் சாளுக்கியனான ஆறாம் விக்கிரமாதித்தனைப் போற்றி விக்கிரமாங்கதேவ சரிதத்தை வடமொழியில் இயற்றினார். விக்கிரமாதித்தன் அதிராசேந்திரனை அரியணையில் அமர்த்தினான் என்றும், பின்னர் எழுந்த கலகத்தில் அவன் மாள, வேங்கி மன்னன் அரசைக் கைப்பற்றினான் என்றும் அவர் உரைக்கிறார். ஆயினும் பில்கணரும் நடுநிலையாளர் அல்லர். தன் தமையன் இரண்டாம் சோமேசுவரனை நீக்கிவிட்டு 1076இல் முடிசூடிய விக்கிரமாதித்தனுக்காக, சிவபெருமானின் கட்டளையைக் காரணம் காட்டுகிறார்.

இம்முறை தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. பைசாந்தியத்தில் மூன்றாம் மிகாயேலைக் கொல்வித்து 867இல் தனியாட்சி பெற்றவன் முதலாம் பசிலியு. அவன் பேரன் ஏழாம் கான்ஸ்டன்டைன் தன் பாட்டனின் சரிதையை எழுதுவித்தபோது, மிகாயேல் குடியனாகவும் திருச்சடங்குகளைப் பழித்தவனாகவும் தீட்டப்பட்டான். திருச்சபைச் சரித்திர ஆசிரியரான யூசேபியுவும் இதற்கு விலக்கல்லர். பேரரசன் கான்ஸ்டன்டைன் தன் மகன் கிறிஸ்புவை 326இல் கொல்வித்ததை, அவனுடைய சரிதையில் அவர் கூறாது விட்டார்.

ஆகவே இந்நூல்களைத் தள்ளிவிட வேண்டும் என்பது நம் கருத்தன்று. பரணியின் கவிச்சுவை மறுக்கவொண்ணாதது. அரசன் தன்னை மக்கள் எவ்வாறு காணவேண்டுமென விரும்பினான் என்பதற்கு அது நேர்ச் சான்றுமாகும். ஆயினும் அதனைப் படிக்கையில் இந்நூலால் பயனடைந்தவர் யார், பெயர் மறைக்கப்பட்டவர் யார், மாற்றார் கூறுவது என்ன என்று நாம் வினவுதல் வேண்டும்.

வேதாகமத்தைப் போதிப்போர்க்கும் இப்பயிற்சி இன்றியமையாதது. தாவீது உரியாவுக்கு இழைத்த கொடுமையை இரண்டாம் சாமுவேல் விரித்துரைக்க, அதே போர்க்காலத்தைக் கூறும் முதலாம் நாளாகமம் அதைக் கூறாமலே கடந்துசெல்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தாலன்றி இந்த வேறுபாடு புலப்படாது. சாமுவேலின் ஆசிரியர் அரசனைக் கண்டித்த நாத்தானுக்குத் தம் நூலில் இடமளித்தார். பரணியின் அரசவையில் அத்தகைய ஒருவரை நாம் காண்பதற்கில்லை.