காட்சிக் கருவிகளும் மக்கள் வழக்கும்

வீட்டில் வழங்கும் கருவிகள் மாறுங்காலத்து அவற்றைப் பற்றிய மக்கட் கருத்தும் உடன் மாறுகின்றது. அக்கருத்தை அறிதற்குரிய வழிகள் இரண்டு. மக்களை அணுகி வினாவி, அவர் கூறும் விடைகளைத் தொகுத்தல் ஒன்று. எவரும் வினவாதபோது அவர் இயல்பாக வழங்கும் சொற்களை ஆராய்தல் மற்றொன்று. முன்னையது சமூகவியலார் நெறி. பின்னையது மொழி கற்பார்க்கு உரியது. வினாவுக்கு விடை கூறுவோர் கேட்போர் விரும்புவதைக் கூறலும் உண்டு. தம் வீட்டாரோடும் கடைக்காரரோடும் பேசுங்கால் வழங்கும் சொல்லிலோ, அத்தகைய முகமன் புகுதற்கு இடம் மிகக் குறைவு.

தமிழ்நாட்டு வீடுகளில் வீடியோ நாடா புகுந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. நாடாவிற்குப் பின் தகடும், தகட்டிற்குப் பின் நினைவட்டையும், அதன்பின் இணையவழிக் காட்சியும் வந்தன. இவற்றைப் பற்றி எழுதுவோருள், பொதுமக்கள் எதனையும் ஆராய்ந்து கொள்வதில்லை என்றும், புதுமை கண்டு மயங்கிப் பழையதைக் கைவிடுகின்றனர் என்றும், அவர்தம் சொற்கள் பிறமொழிச் சொற்களின் சிதைவேயாதலின் ஆராய்ச்சிக்கு உரியன அல்ல என்றும் கருதுவார் உளர். இக்கொள்கை எத்துணைப் பொருந்தும் என்பதை நோக்குதலே இக்கட்டுரையின் கருத்து.

மக்கள் கொண்ட அளவுகோல்

மக்கள் புதுமைக்கு மயங்குவர் என்பது முதற்குற்றச்சாட்டு. வரலாறு இதற்கு முழுவதும் சான்று பகரவில்லை. சோனி நிறுவனம் 1975இல் பீட்டாமேக்ஸ் நாடாவை வெளியிட்டது. அதில் ஒரு மணி நேரமே பதியலாம். 1976இல் ஜே.வி.சி. நிறுவனம் வெளியிட்ட வி.எச்.எஸ். நாடாவில் இரண்டு மணி நேரம் பதிய முடிந்தது. காட்சித் தெளிவில் பீட்டாமேக்ஸ் சற்று மேம்பட்டது என்பார் பலர். எனினும் நிலைத்தது வி.எச்.எஸ். நாடாவே. அதற்குரிய காரணங்களுள் பதிவு நேரத்தின் மிகுதி முதன்மையானது. ஒரு முழுத் திரைப்படம் ஒரு நாடாவில் அடங்குமா என்பதே மக்கள் கேட்ட கேள்வி. நம் நாட்டில் வழங்கிய மூன்று மணி நேர நாடாவில் பாடல்களோடு கூடிய தமிழ்ப்படம் ஒன்று முழுதும் அடங்கிற்று. தெளிவினும் முழுமையே வேண்டற்பாலது என்று மக்கள் துணிந்தனர். இது மயக்கமன்று, தேர்வு.

வி.சி.டி. எனப்பட்ட தகட்டின் வரலாறும் இதனை வலியுறுத்தும். 1993இல் இதன் இலக்கணம் வரையறுக்கப்பட்டது. ஒரு தகட்டில் அடங்குவது ஏறத்தாழ 74 நிமிடக் காட்சி. அதன் உருவளவு நம் நாட்டு முறையில் 352க்கு 288 புள்ளிகளே. நல்ல நாடாவினும் இது சிறந்ததென்று கூறல் இயலாது. மேலை நாடுகளில் இது வேரூன்றவில்லை. ஆசிய நாடுகளிலோ பெரிதும் பரவிற்று. தகடு விலை குறைந்தது. நாடாவைப்போல் பின்சுற்ற வேண்டுவதில்லை. ஈரக்காற்றில் நாடாவைப் பற்றும் பூஞ்சை இதனை அத்துணை எளிதிற் பற்றுவதில்லை. கருவியின் தலைப்பகுதியை அடிக்கடி துடைக்க வேண்டுவதுமில்லை. ஒரு படத்திற்கு இரண்டு அல்லது மூன்று தகடுகள் தேவைப்பட்டமை குறையே. ஆயினும் கொட்டகையில் இடைவேளைக்குப் பழகிய மக்களுக்கு நடுவில் எழுந்து தகடு மாற்றுதல் பெருந்துன்பமாகத் தோன்றவில்லை போலும். விலை, காலநிலை, பழக்கம் என்னும் மூன்றையும் சீர்தூக்கியே அவர் தகட்டை ஏற்றனர் என்க.

டெக்கும் திருட்டு வி.சி.டி.யும்

இனிச் சொற்களை நோக்குவோம். நாடாவை இயக்கும் கருவியைத் தமிழ் மக்கள் டெக் என்றனர். நாடாக் கருவியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து இது வந்தது. கருவியை நாள் வாடகைக்கு எடுத்துத் தெருவாரை அழைத்து இரவு முழுதும் படம் காட்டுதலை, டெக் போடுதல் என்று வழங்கினர். ஈண்டு டெக் என்பது கருவியை உணர்த்தாது அக்கருவியால் நிகழும் காட்சியை உணர்த்துதலின் கருவியாகுபெயர் ஆயிற்று. வேற்றுமை மயங்கியலில் தொல்காப்பியர் ஆகுபெயரை ஆராய்ந்த காலத்தில் இல்லாத பொருளுக்கும் அவர் கண்ட நெறி செல்லுதல் அறியத்தக்கது. சொல் பிறமொழியினது, அஃது இயங்கும் நெறி தமிழினது. போடுதல் என்னும் துணை வினையையும் நோக்குக. பந்தல் போடுதல், கூத்துப் போடுதல் என்பவற்றின் வரிசையில் டெக் போடுதலும் இடம்பெற்றது. எனவே மக்கள் அதனைத் தனியொருவர் கருவியாகக் கருதவில்லை. ஊர் கூடிக் காணும் நிகழ்ச்சியாகவே கருதினர். பல பக்க விளக்கத்தால் பெறத்தக்க இவ்வுண்மையை ஒரு வினைச்சொல் உணர்த்திவிடுகின்றது.

திருட்டு வி.சி.டி. என்பது மற்றொரு தொடர். குண்டர் சட்டம் எனப் பொதுவாக வழங்கும் 1982ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தில், உரிமையின்றிப் படங்களைப் படியெடுத்து விற்போரும் 2004இல் சேர்க்கப்பட்டனர். அக்காலத்துத் திருட்டுப் படிகள் பெரும்பாலும் வி.சி.டி. தகடுகளாக இருந்தன. பின்னர் டி.வி.டி. வந்தது, அதன்பின் தகடே அருகிற்று. எனினும் உரிமையின்றிப் பெறும் எவ்வகைப் படியையும் திருட்டு வி.சி.டி. என்றே கூறும் வழக்கு நீடித்தது. பொருள் மறைந்த பின்னும் பெயர் நிற்றற்கு இஃது எடுத்துக்காட்டு. அப்படியின் தரத்தை வினவுவோர் பிரிண்ட் நன்றாக உள்ளதா என்று கேட்பதும் இவ்வாறானதே. அச்சிடப்படுவது யாதும் இல்லாத எண்கோவைக்குப் படச்சுருளின் பெயர் நிற்கின்றது. மக்கள் கருவியை மாற்றினும், கொட்டகையில் காணும் நற்படியோடு ஒப்பிடும் அளவையை மாற்றவில்லை என்பது இதனாற் பெறப்படும்.

மழையும் கட்டமும்

காட்சியின் பழுதைக் குறிக்கும் சொற்கள் இன்னும் சிறப்புடையன. தேய்ந்த படச்சுருளில் நெடுங்கோடுகள் தோன்றுங்கால், படத்தில் மழை பெய்கிறது என்றனர். நாடா தேய்ந்தபோது கோடு ஓடுகிறது என்றனர். தகடு பழுதுற்றபோதோ, கட்டம் கட்டமாக உடைகிறது என்றனர். இவற்றை வெறும் நகைச்சொல் என்று விடுதல் கூடாது. சுருளிலும் நாடாவிலும் பழுது சிறிது சிறிதாக வளரும். மழையினூடே உருவம் தெரியும். இலக்கமுறைக் காட்சியின் இயல்பு வேறு. அதில் உருவம் சிறு சதுரங்களாகப் பகுக்கப்பட்டு எண்களாகச் சுருக்கப்படுகின்றது. ஒரு சட்டகத்தின் உரு அதற்கு முற்பட்டதிலிருந்து கணித்துப் பெறப்படுகின்றது. ஆதலின் ஓரிடத்துப் பிழை பின்வரும் சட்டகங்களிலும் பரவி, சதுரங்கள் வெளிப்பட்டுத் தோன்றும். பிழை மிகின் காட்சி முழுதும் நின்றுவிடும். கட்டம் என்ற சொல், பொறியாளர் அமைத்த அச்சதுரத்தையே கண்ணாற் கண்டு கூறிய சொல்லாகும். கணக்கறியாத மக்கள் அதன் அமைப்பை அதன் முறிவிலே கண்டனர்.

இதனோடு இயைந்த பிறிதொன்றும் உண்டு. 2003க்குப் பின் செயற்கைக்கோளிலிருந்து நேரே வீட்டிற்கு வரும் ஒளிபரப்பு நம் நாட்டில் பரவிற்று. பெருமழையில் அவ்வலைகள் தளர்தலின் காட்சி நின்றுபோதல் யாவரும் அறிந்தது. பண்டு மழை என்பது பழுதிற்கு உவமை. இன்று மழையே பழுதிற்குக் காரணம். உவமை காரணமாக மாறிய இவ்விடத்தே இருவகைக் கருவிகளுக்கும் உள்ள வேறுபாடு முழுதும் அடங்கியுள்ளது.

ஏற்றமும் இறக்கமும்

இணையத்திலிருந்து ஒரு காட்சியைத் தன் கருவிக்குக் கொணர்தலைப் பதிவிறக்கம் என்று கற்றோர் ஆக்கினர். ஆனால் கைப்பேசிக் கடைக்குச் சென்று நினைவட்டையில் படமும் பாட்டும் பெற்றவர், அவற்றை ஏற்றித் தருமாறே கேட்டனர். தன் கருவியில் ஒரு கோப்பு வந்து சேர்தல் என்னும் ஒரே விளைவுக்கு இறக்கம் என்றும் ஏற்றம் என்றும் முரணான இரு சொற்கள் எழுந்தமை வியப்பே. முன்னது மேலிருந்து கீழ் வருவதாகக் கொண்டது. ஆங்கிலச் சொல்லின் வழிப்பட்டது. பின்னது அட்டையை வண்டியாகவும், பாட்டைச் சுமையாகவும் கொண்டது. சுமையை விலைக்கு வாங்கி வண்டியில் ஏற்றிச் செல்பவனுக்கு அஃது உடைமை. இன்று இணையத்தில் மாதக் கட்டணம் செலுத்திப் படம் காண்போர்க்கு ஏற்றுதற்கும் இறக்குதற்கும் பொருள் யாதும் இல்லை. பார்த்தல் என்பதே எஞ்சியது. ஏற்றுதல் என்னும் சொல் இப்பொருளில் அருகி வருதல், உடைமை உணர்ச்சி அருகி வருதலைக் காட்டும் குறியாகும்.

டிஜிட்டல் என்னும் அடைமொழி

மக்கள் வழக்கு எங்கும் குற்றமற்றது என்று நிறுவுதல் நம் நோக்கமன்று. டிஜிட்டல் என்பதைத் தெளிவு என்ற பொருளிலும் அழியாமை என்ற பொருளிலும் அவர் கொண்டனர். இரண்டும் பிழை. வி.சி.டி.யும் இலக்கமுறைப்பட்டதே, எனினும் அது தெளிவுடையதன்று. அழியாமை பற்றிய பிழையோ பெருந்தீங்கு விளைத்தது. திருமண நாடாக்களைத் தகட்டிற்கு மாற்றியபின் நாடாவை எறிந்தவர் பலர். வீட்டில் பதியும் தகடுகள் சாயப்படலத்தால் ஆயவை; வெப்பத்தாலும் ஒளியாலும் அப்படலம் கெடும். கெட்ட தகட்டில் மழையினூடே முகம் தெரிவது போன்ற நிலையும் இல்லை. மறைந்த பெற்றோரின் குரலும் நடையும் அவ்வாறு ஒழிந்த வீடுகள் உள.

இவ்விடத்துக் கற்றோர் ஆக்கிய சொற்கள் உதவுதல் கூடும். இலக்கமுறை என்றும் எண்ணிமம் என்றும் கூறுங்கால், பொருள் எண்ணே என்பது விளங்கும். தெளிவு, அழியாமை என்னும் மயக்கங்களுக்கு இடமில்லை. காணொளி என்பதும் நன்கு அமைந்ததே. அது வினைத்தொகையாதலின் கண்ட ஒளி, காண்கின்ற ஒளி, காணும் ஒளி என மூன்று காலமும் தன்னுள் கரந்து நிற்கும். கடந்ததை நிகழ்வதுபோற் காட்டும் பொருளுக்கு இதனினும் பொருந்திய தொகை அரிது. ஒலி அப்பெயரில் அடங்கவில்லை எனின், நான் காண்கிறேன் என்று பொருள்படும் வீடியோ என்ற இலத்தீன் சொல்லிலும் அஃது அடங்கவில்லை என்று விடை கூறலாம். ஈழத்தில் குறுவட்டினை இறுவட்டு என வழங்குதலும் ஈண்டு நினைக்கத்தகும். ஆகவே கற்றோர் சொல் பொருளின் உள்ளியல்பை உணர்த்தும். மக்கள் சொல் அப்பொருளோடு வாழ்ந்த அனுபவத்தை உணர்த்தும். ஒன்றை மற்றொன்றால் அழித்தல் ஆராய்ச்சிக்கு இழப்பாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றான், பொதுமக்கள் காட்சிக் கருவிகளைத் தமக்குரிய அளவுகோல் கொண்டே மதிப்பிட்டனர் என்பதும், அம்மதிப்பீடு அவர்தம் சொற்களில் பதிந்துள்ளது என்பதும், சிற்சில இடங்களில் அது பிழைபட்டது என்பதும் புலனாகும்.

இனிச் செய்யத்தக்கது யாது? சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை வெளிவந்து, 1939இல் பின்னிணைப்போடு நிறைவுற்றது. இச்சொற்கள் அதற்குப் பிற்பட்டவை. வி.எச்.எஸ். கருவியை இறுதிவரை செய்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016இல் அதனை நிறுத்திவிட்டது. டெக் போட்டுப் படம் கண்ட தலைமுறை முதுமை எய்துகின்றது. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் வரும் இசைக்கருவிகளை அடியார்க்குநல்லார் விளக்கியிராவிடின் நாம் எவ்வளவு இடர்ப்பட்டிருப்போம் என்பதை அந்நூல் கற்றார் அறிவர். 1980களின் வாழ்வைக் கூறும் தமிழ்ச் சிறுகதையைப் பின்னொரு காலத்தில் கற்கும் மாணவனுக்கும் அத்தகைய விளக்கம் தேவைப்படும். ஆதலின் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் இச்சொற்களை ஊரும் காலமும் வழங்கிய தொடரும் குறித்துத் தொகுத்தல் வேண்டும். அவற்றின் பொருளை நேரிற் கூறவல்லார் வாழுங்காலத்திலேயே அதனைச் செய்தல் நம் கடனாகும்.